கை நனையாத வீடு

நியெண்டோ லாரி நிறுத்தத்தில் என் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. ருவாண்டாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற டிரைவர்கள் கம்பாலாவிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வருவார்கள். மசாக்கா கோர்ட்டு நீதிபதி ஆள் அனுப்பி வாங்கிச் சாப்பிடுகிறார். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்த அன்று நிலக்கடலைக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அந்த வீட்டுக்கு இருபது வருஷத்துக்கு மேல் வந்து போய்க்கொண்டிருந்தும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரே ஆள் என் மாமியார் பெர்பெத்துவா.

என் சமையல் அவளுக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கோவில் திருவிழாவுக்கு நான் சமைத்தால் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். அவள் மூத்த மகள் ஃபெலிஸ்தா வீட்டுக்கு நான் தூக்கில் கொடுத்தனுப்பினால் மிச்சம் வராது. என் வீட்டு நிலைப்படியைத் தாண்டினால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

காரணம் ஒளிவுமறைவானது அல்ல. நான் அனத்தோலியோடு வாழ வந்த மறுநாளே வந்து நேருக்கு நேர் சொன்னாள். கோமேசி உடையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். பதில் வணக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. என் அப்பா சுகத்தைக் கேட்டாள், அம்மா சுகத்தைக் கேட்டாள், எங்கள் வீட்டு வாழைத்தோட்டத்தின் சுகத்தைக்கூடக் கேட்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"அனத்தோலி, பொண்ணு நல்லவளாத்தான் தெரியுறா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா பீடத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் மோதிரம் மாத்துற வரைக்கும் இந்த வீட்டுல என் கை நனையாது. மாதாகிட்ட நேர்ந்துட்டேன்."

மோதிரம் மாற்ற எங்களுக்கு வழியே இல்லை. அனத்தோலிக்கு முதலில் கோவிலில் வைத்துக் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த ஸ்கொலாஸ்டிகா நர்ஸ் வேலைக்கு லண்டன் போனாள், போனவள் போனவள்தான். ஆனால் உயிரோடு இருக்கிறாள். அவள் இருக்கிறவரை கோவிலைப் பொறுத்தமட்டில் அனத்தோலி அவள் புருஷன். அந்தக் கல்யாணம் செல்லாது என்று ஆயரிடம் எழுதிக் கேட்கலாம் என்று சாமியாரே யோசனை சொன்னார். என் புருஷன் ஒரு நேர்மைப் பிசாசு. "நல்ல மனசோடதான் சாமி கல்யாணம் பண்ணேன். அது நடக்கவே இல்லன்னு எப்படி எழுதிக் குடுப்பேன்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான். இதில் வேடிக்கை என்னவென்றால், என் மாமியார் தினமும் ஜெபமாலையில் ஸ்கொலாஸ்டிகாவின் உடல்நலத்துக்காகவும் ஒரு மணி உருட்டுவாள். அதாவது எனக்குக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று வேண்டுவது போலத்தான். நான் இதை அவளிடமே ஒருமுறை சொல்லிக் காட்டினேன். "அவளும் ஒரு தாய் பெத்தவதானே" என்றாள். அந்தக் கிழவியிடம் சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை.

சாப்பிட மாட்டாளே தவிர வராமல் இருக்க மாட்டாள். வாரத்தில் பாதி நாள் என் வீட்டில்தான் இருப்பாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், பீன்ஸ் உரிப்பாள், என் கடைக்கு வாழைக்காய் சீவித் தருவாள். உச்சி வெயில் ஏறினதும் தன் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுப்பாள். வேகவைத்த மரவள்ளியும் கொஞ்சம் பீன்ஸும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய், ரோட்டோரத்தில் லாரிப் புழுதியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கைகழுவி, மறுபடி உள்ளே வருவாள். என் கடையில் சாப்பிடுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ஏ எஸேஸா, உள்ள இவ்வளவு சோறு கெடக்கு, கிழவி ஏன் ரோட்டுல தின்னுது? மாமியாரப் பட்டினி போடுறியா?" என்று கேட்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். வேண்டுமென்றே கரண்டியை ஓங்கிப் போடுவேன். அவள் காதில் விழாதது போல ஜெபமாலையை எடுத்துக்கொள்வாள்.

ஊருக்கெல்லாம் அவள் மாதா சபைத் தலைவி. கோவில் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிற ஜோடிகளின் வாசலில் போய் உட்கார்ந்து, அவர்கள் சரி என்று சொல்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். அப்படி எத்தனையோ பேரைப் பீடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பெற்ற மகன் விஷயத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அதை யாராவது குத்திக் காட்டினால், "ஆமா, என் வீட்டுலயே ஓட்டைதான்" என்று ஒத்துக்கொண்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பாள். வயதான பிறகும் ஜூன் மாதம், விசுவாசத்துக்காக ஒரு காலத்தில் ராஜா உயிரோடு எரித்த தியாகிகளின் திருநாளுக்கு நமுகோங்கோவுக்கு நடந்தே போனாள். நான் புரொட்டஸ்டன்ட். "எங்க ஆளுங்களும் அதே தீயிலதான் வெந்தாங்க, அவங்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க" என்பேன். சொல்லிவிட்டுத்தான் வருவாள். வந்து வீங்கின காலை என் வீட்டு வெந்நீரில் ஊறப் போடுவாள். காலுக்கு என் வீட்டுத் தண்ணீர் ஆகும், வாய்க்குத்தான் ஆகாது.

கடைசி நாட்களில் ஃபெலிஸ்தா வீட்டில் படுத்திருந்தாள். தினமும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். குடித்தாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டாள். அடக்கத்தன்று நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, பெற்ற மகளே இப்படி அழவில்லையே என்று ஊர் பேசியதாம். பேசட்டும். எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது, பாசமும் இருந்தது, இரண்டும் சேர்ந்துதான் அழுதன. அவள் கை என் வீட்டில் நனையாமலே மண்ணுக்குள் போய்விட்டது. இனி நான் ஊருக்கெல்லாம் சோறு போட்டு என்ன, என் வீட்டுக்கு அவள் வாயால் ஒரு சரி கிடைக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

ஆனால் எங்களில் செத்தவர் இடத்தைக் காலியாக விடுவதில்லை. சில மாதம் கழித்துச் சாவைக் கலைக்கிற சடங்கு வைத்து, ஒரு வாரிசை அந்த இடத்தில் உட்கார வைப்போம். அன்றிலிருந்து அந்த ஆள்தான் செத்தவர். பேரும் அதுதான், உறவும் அதுதான். பெண்ணுக்கு வாரிசு அவள் பிறந்த குலத்திலிருந்துதான் வர வேண்டும். என் மாமியார் கருங்குரங்குக் குலம். ஃபெலிஸ்தா அப்பா வழியில் வெட்டுக்கிளிக் குலம், அதனால் அவளுக்கு அந்த இடம் கிடையாது. மாமியாரின் தம்பி கலோலி, தன் மகன் வழிப் பேத்தி பிபியானாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிற பெண். பின்னின சடையில் ஊதா நூல். மாமியாரை வாழ்நாளில் நாலைந்து தடவை பார்த்திருப்பாள்.

விடியற்காலையில் பூசை முடிந்ததும் அவளுக்கு மரப்பட்டைத் துணியைத் தோளில் முடிந்து, வாழைக்காய் சீவுகிற கத்தியைக் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்தினார்கள். கலோலி தொண்டையைச் செருமினார்.

"இதோ பெர்பெத்துவா. செத்துட்டான்னு எவனாவது சொன்னா அவன் வாயில மண்ணு. பிள்ளைங்களா, உங்க அம்மாவப் பாத்துக்கங்க. பெர்பெத்துவா, நீயும் கேளு. போன நோண்டிக்கிட்டே உக்காராத. பிள்ளைங்க வீட்டுக்குப் போ, பேரப்பிள்ளைங்களப் பாரு, ஜெபமாலைய விடாத."

ஒவ்வொருவராகப் போய் இன்னார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஃபெலிஸ்தாவுக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

"அம்மா, நான் ஃபெலிஸ்தா. உங்க மூத்த மக."

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எந்திரி மகளே, முட்டி வலிக்கப் போவுது" என்றாள். கூட்டம் சிரித்தது. ஃபெலிஸ்தா சிரிக்கவில்லை. அழுதாள்.

என் முறை வந்தது. மண்டியிட்டேன். பேரைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் என்ன உறவு என்று சொல்வது? மருமகள் என்று அவள் என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. நான் முழிப்பதைப் பார்த்து ஃபெலிஸ்தா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அனத்தோலி பிள்ளைங்களோட அம்மா."

"அட, சாப்பாட்டுக் கடை எஸேஸாவா? எங்க காலேஜ் பொண்ணுங்க எல்லாம் உங்க கடையிலதான்..." என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். கலோலி பலமாக இருமினார். அவள் சட்டென்று நிமிர்ந்து, "வணக்கம் மகளே" என்று முடித்தாள்.

எனக்குப் பின்னால் அனத்தோலி நின்றிருந்தான். தலை நரைத்த ஆள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வாங்க. எஸேஸா சமைப்பா" என்றான். அவன் குரல் உடைந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன். இத்தனை வருஷமும் நான்தான் முணுமுணுத்தேன், அவன் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவனுக்கும் அந்த ஏக்கம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வர்றேன் மகனே" என்றாள் அவள்.

ஃபெலிஸ்தாவின் முகம் இறுகியது.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. லாரிக்காரர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். இருட்டு விலகுவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். மடோக்கே வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வைத்தேன். வறுத்த கடலையை இடித்துக் குழம்பு கூட்டினேன், காய்ந்த காளான் போட்டேன், கோழியை வாழையிலையில் கட்டி வேகவைத்தேன். நீதிபதிக்குச் சமைக்கும்போதுகூட நான் உப்பை ருசி பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று தடவை பார்த்தேன்.

பூசை முடிந்து வந்தார்கள். பிபியானா கோமேசி உடுத்தியிருந்தாள், நடக்கத் தெரியாமல் தடுக்கித் தடுக்கி வந்தாள். பின்னாலேயே ஃபெலிஸ்தா, காவல்காரி மாதிரி. நான் புதுப் பாயை விரித்து, மண்டியிட்டு வணங்கி, நடுவில் மடோக்கேயை வைத்து இலையைப் பிரித்தேன். ஆவி கிளம்பியது. அனத்தோலி கைகழுவத் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றான்.

பிபியானா ஃபெலிஸ்தாவைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் பைக்குள் கையை விட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமியார் செய்தாலாவது வயசு இருந்தது, நரை இருந்தது. இந்தப் பொடிசு, என் மகளைவிடச் சின்னவள், என் வாசலில் வந்து மரவள்ளிக் கிழங்கைக் காட்டுகிறாளா!

"என்ன இது?" என்றேன்.

"அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது" என்று ஃபெலிஸ்தாதான் பதில் சொன்னாள். "இவங்கதான் அம்மா. நேர்ச்சையும் இவங்களோடதுதான். நான் எல்லாம் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

"நீங்க சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களா? மதினி, என் வீட்டுல மூணு வேளையும் தின்னு வளத்த உடம்பு உங்களோடது. உங்க கை நனையலாம், அவங்க கை நனையக் கூடாதா?"

"நேர்ந்தது நான் இல்லையே."

"நேர்ந்தவங்கள மண்ணுல வச்சாச்சு! செத்ததோட நேர்ச்சை முடிஞ்சிருச்சுன்னு சாமியாரக் கேட்டா சொல்லுவாரு."

"செத்துட்டாங்கன்னு சொல்லாத. கலோலி மாமா என்ன சொன்னாருன்னு கேட்டியா இல்லையா?"

"சரி, சாகல. அப்ப இவங்க உங்கம்மா. அம்மாவுக்கு நீங்க எதுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க? வாய மூடிட்டு அவங்க சொல்றதக் கேளுங்க. அம்மா இல்லன்னா இவ வீட்டுக்கு வந்த பிள்ள. பிள்ளைக்குச் சோறு போடாம அனுப்பறது எங்க வழக்கத்துல இல்ல. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க!"

அனத்தோலி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "போதும் எஸேஸா" என்றான். எனக்குப் போதவில்லை. ஆனால் மூச்சு வாங்கியதால் நிறுத்தினேன்.

பிபியானா மடியிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் நீதான் பெர்பெத்துவான்னு சொல்லிட்டீங்க. அவங்க எப்படி இருந்தாங்கன்னு யாரும் சொல்லல. என்ன செய்யணும்னு மட்டும்தான் சொல்றீங்க. நீங்க சொல்லுங்க. இந்த வீட்டுல நான் எப்படி இருந்தேன்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். சண்டைக்கு நிமிர்ந்து நின்றவள் நான், அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க" என்று ஆரம்பித்தேன். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து 'நீங்க' என்று சொல்ல முதலில் சிரிப்பு வந்தது. சொல்லச் சொல்லச் சிரிப்பு போய்விட்டது. "நீங்க விடியறதுக்கு முன்னாடி வந்து கதவத் தட்டுவீங்க. எரிச்சலா இருக்கும் எனக்கு. என்னைக் கேக்காமலே என் பிள்ளைங்க எல்லாத்துக்கும் உங்க கோவில்ல ஞானஸ்நானம் குடுத்தீங்க. ஒரு வாரம் உங்களோட பேசல நான். மூணாவது பய மத்தியா பொறந்தப்ப அழல, உடம்பெல்லாம் நீலம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. நீங்க ஜெரிகேன்ல இருந்த தண்ணிய எடுத்து அவன் தலையில ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தீங்க. குடுத்துட்டு, காலப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கி முதுகுல வச்சீங்க ஒண்ணு. கத்தினான் பாருங்க! இன்னைக்கு வரைக்கும் அந்தக் கத்தல நிறுத்தல அவன்."

அனத்தோலி திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உடம்ப உருக்குற அந்த நோய் வந்த காலத்துல சொந்தக்காரங்களே கிட்ட வர மாட்டாங்க. நீங்கதான் வீடு வீடாப் போயி அவங்களக் குளிப்பாட்டுனீங்க. என் தங்கச்சி யாயேரிக்கு அதே நோய். எங்க வீட்டுல எல்லாரும் பயந்து வாசல்லயே நின்னோம். நீங்க உள்ள போனீங்க. அவ எங்க கோவில் பாட்டுதான் கேட்டா. உங்களுக்குத் தெரியாத பாட்டு அது. தப்புத் தப்பாப் பாடுனீங்க. அவ சிரிச்சுக்கிட்டே போனா. நீங்கதான் கழுவி உடுத்தி விட்டீங்க. அந்தச் சாவு வீட்டுல எங்கம்மா குடுத்தத நீங்க சாப்பிட்டீங்க. நான் பாத்தேன். எங்கம்மா வீட்டுல நனைஞ்ச கை..."

கோமேசியின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஃபெலிஸ்தா என்னைப் பார்க்காமல் பேசினாள். குரலில் முன்னிருந்த கடுப்பு இல்லை.

"உனக்கு ஒண்ணு தெரியாது எஸேஸா. கோவத்துலயா அவங்க வெறும் கிழங்கோட அரைப் பட்டினி கெடந்தாங்கன்னு நெனச்ச? இந்த வீட்டு வாசனை மூக்கத் துளைக்கும். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லுவாங்க, இன்னைக்குக் காளான் குழம்பு, நாக்குல தண்ணி ஊறிருச்சுடின்னு. அந்தப் பசிய ஒவ்வொரு நாளும் மாதாகிட்ட ஒப்புக்குடுத்தாங்க. அனத்தோலிக்காக. உனக்கும் சேத்துத்தான். ரெண்டு பேரையும் கடவுள் கைவிட்டுடக் கூடாதுன்னு. இப்ப ஒரே நாள்ல அத முறிச்சுட்டா அவங்க இருந்த பட்டினி எல்லாம் வீண்தானே?"

மாமியார் என்னை ஒதுக்குகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் கரண்டியை ஓங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளோ வேலிக்கு வெளியே புழுதியில் உட்கார்ந்து எனக்காகப் பசித்திருக்கிறாள். கிழவி, இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! கோபமும் வந்தது. அவள் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொள்ளக் கால் இல்லை.

பிபியானா நிமிர்ந்தாள். "ஃபெலிஸ்தா" என்று கூப்பிட்டாள். அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

"என்னம்மா?"

"நேர்ந்தது நானா?"

"ஆமாம்மா."

"யாருகிட்ட நேர்ந்தேன்?"

"மாதாகிட்ட."

"இவ்வளவு வருஷம் பசியோட இருந்தேனா, இந்த வாசனைய மோந்துக்கிட்டு?"

"ஆமா."

"அது எதுவும் வீணாப் போகாது. போயிருந்தா இந்தக் குடும்பம் இன்னைக்கு இப்படி ஒண்ணா உக்காந்திருக்காது." மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "நான் போதுமான அளவு பட்டினி கெடந்துட்டேன் மகளே. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். அவங்களும் ஒரு மருமக வீட்டுல சாப்பிடாமலா இருந்திருப்பாங்க?"

"மாதாவுக்கு ஏதும்மா மருமக? ஒரே பிள்ள, அவரும் கல்யாணம் பண்ணிக்கல" என்றாள் ஃபெலிஸ்தா, தன்னையறியாமல்.

"பாவம், அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றாள் பிபியானா. "அனத்தோலி, தண்ணி ஊத்து."

முதலில் சிரித்தது ஃபெலிஸ்தாதான். முட்டியில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அவள் அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு வாயிலேயே போட்டிருப்பாள் என்று பிறகு சொன்னாள்.

அனத்தோலி மண்டியிட்டான். ஆம்பிளை எதற்கு மண்டியிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவன் ஊற்றிய தண்ணீர் பாதி கையில் விழுந்தது, பாதி பாயில் விழுந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டி, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மடோக்கேயில் ஒரு துண்டு பிய்த்து, விரலில் உருட்டி, குழி பண்ணி, கடலைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள்.

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் அவளில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கோவில் தோட்டத்தில் சிமெண்டுக்கு அடியில் இருக்கிறாள். இவள் அவள்தான் என்பதும் எனக்குத் தெரியும், கலோலி ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னதை நானும் கேட்டேன். இரண்டும் எனக்கு ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது. அவள் விழுங்கினபோது என் தொண்டையும் இறங்கி ஏறியது.

சின்னப் பெண், நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள். ஃபெலிஸ்தாவும் கைகழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கோழித் தொடைக்கு அனத்தோலியோடு சண்டை போட்டாள். எனக்குப் பசிக்கவே இல்லை. எல்லோருக்கும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

முடித்ததும் பிபியானா இலையை மடித்தாள். என் பக்கம் திரும்பி, எங்கள் ஊரில் சாப்பிட்டு எழுகிற எல்லோரும் சமைத்தவளுக்குச் சொல்வதைச் சொன்னாள்.

"சமைச்சதுக்கு நன்றி, மருமகளே."

அதற்குச் சமைத்தவள் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விருந்தாளி எழுந்திருப்பாள். லாரி டிரைவர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் நீதிபதியின் ஆளுக்கும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை யோசிக்காமல் நான் சொல்கிற பதில்தான் அது. அன்றைக்கு வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. அவள் எழுந்திருக்காமல் காத்திருந்தாள். ஃபெலிஸ்தா காத்திருந்தாள். அனத்தோலி செம்பைப் பிடித்தபடி நின்றான். ரோட்டில் ஒரு லாரி போய் முடிகிறவரை எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"சாப்பிட்டதுக்கு நன்றி, அம்மா" என்றேன்.